குப்பை வேளையும் தோட்டப்புறத்துக் காட்டுணவும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையைப் பாடம் சொல்லும் ஆசிரியர் எவரும் ஓரிடத்தில் சற்றே நின்றுதான் மேற்செல்வர். இரவலர் வீட்டு வறுமை அங்கே காட்டப்படுகிறது. இடிந்து சரிந்த அடுக்களை. அதனுள் குட்டி ஈன்ற நாய். பசியால் மெலிந்த மனைவி குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தாற் கிள்ளி வந்து, இட உப்பும் இன்றி வேக வைக்கிறாள். புறங்கூறுவோர் கண்ணிற் படுமே என நாணி, கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு அதனை உண்கிறாள். நல்லூர் நத்தத்தனார் சொல்ல வந்தது ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் கொடைச் சிறப்பு. ஆனால் மாணாக்கர் நெஞ்சில் தங்குவது அந்த அடைத்த கதவுதான்.

அக்கதவைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. அவள் நாணியது கீரையைக் குறித்தா, வேறொன்றைக் குறித்தா?

இதே வேளை புறநானூற்றின் 215ஆம் பாட்டிலும் வருகிறது. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், தன்னைக் காண வரவிருக்கும் பிசிராந்தையாரின் நாட்டைப் பற்றிப் பேசுகிறான். அங்கே ஆயர் மகள் ஒருத்தி வேளையின் வெண்பூவைத் தயிரில் இட்டுப் புளிங்கூழ் ஆக்குகிறாள். அவரை கொய்வோர் அதனை வயிறார உண்கின்றனர். அந்த வேளையும் எருப் படிந்த தெருவில் தானே முளைத்ததுதான். விதைத்தவர் இல்லை, நீர் பாய்ச்சியவர் இல்லை. ஆயினும் அங்கு எவரும் கதவை அடைக்கவில்லை. சாகத் துணிந்த வேந்தன் ஒருவன் தன் நண்பனின் நாட்டுக்குப் பெருமையாகவே அவ்வுணவைச் சொல்லுகிறான். ஒரே செடி, ஒரே குப்பைமேடு; ஒரு வீட்டில் தயிரும் வரகும் உண்டு, மற்றொரு வீட்டில் உப்பும் இல்லை. வேறுபாடு அவ்வளவே. நாணம் கீரையைப் பற்றியது அன்று, உப்பைப் பற்றியது.

இதில் நம் நாட்டார்க்கு இன்னொரு சுவையும் உண்டு. வெண்பூப் பூக்கும் இந்த வேளையை நாட்டு வைத்தியர் நல்வேளை என்றும் தைவேளை என்றும் வழங்குவர். மலாய்க்காரர் இதனை ‘மாமான்’ என்கின்றனர். நெகிரி செம்பிலானில், சிறப்பாகக் கெமாஸ் வட்டாரத்தில், மாமான் ரெண்டாங் பேர்பெற்ற பண்டம். இலையின் கசப்பை வேக வைத்துப் பிழிந்து நீக்கி, தேங்காய்ப் பாலில் நெடுநேரம் சுண்ட வைப்பர். உப்பிட்டுப் புளிக்க வைத்து ஊறுகாயாகவும் உண்பர். அது விருந்தினர் முன் வைத்துப் பரிமாறத்தக்க பண்டம். சிறுபாணாற்றுப்படையில் கதவுக்குப் பின்னால் உண்ணப்பட்ட கீரை இங்கே பெருநாள் பந்திக்கு வந்துவிட்டது. சங்கச் செய்யுளைப் பயிற்றும் ஆசிரியர்கள் இச்செடியை மாணாக்கருக்கு நேரிற் காட்டினால், உரையாசிரியர் எழுதியவற்றைவிட அது மிகுதியாக விளங்கவைக்கும் என்பது என் துணிபு.

உழவின்றி வரும் உணவைப் பற்றி நம் புலவர்கள் பேசிய இடங்களுள் மிகவும் புகழ்பெற்றது பாரியின் பறம்பு. மூவேந்தரும் மலையை முற்றியபோது கபிலர் அவர்களை நோக்கி, இம்மலை உழாமலே நான்கு பயன் தரும் என்கிறார்: மூங்கில் அரிசி, பலா, வள்ளிக் கிழங்கு, தேன். எத்தனை நாள் சூழ்ந்திருந்தாலும் பறம்பினர் பட்டினி கிடக்கமாட்டார் என்பது கருத்து. பாட்டின் வீறு பெரிது. ஆனால் வரலாற்று மாணாக்கன் இங்கே கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முள்மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறைதான் பூத்துக் காய்த்து, அதோடு பட்டுப்போகும். அவ்வாறு காய்க்கும் ஆண்டில் அரிசி குவியும். அடுத்த ஆண்டு மூங்கிலும் இல்லை, அரிசியும் இல்லை. உதிர்ந்த விதையைத் தின்று பெருகும் எலிகள் பிறகு வயலுக்கு இறங்கும். இந்தியாவின் மிசோரம் மலைகளில் வேறோர் இன மூங்கில் 1959இல் பூத்தபோது நேர்ந்த பஞ்சம் அந்நாட்டின் அரசியலையே புரட்டிப் போட்டது. ஆகவே கபிலர் வாக்கை வீரனின் அறைகூவலாகக் கொள்ளலாமேயன்றிப் பண்டகசாலைக் கணக்காகக் கொள்ளலாகாது. காட்டுணவு வேளையறிந்து வருவது. நாம் வேண்டும்போது வருவது அன்று.

இவ்வுணவுக்குப் பின்னால் இருந்த உழைப்பைக் காண வேண்டுமாயின் பெரும்பாணாற்றுப்படைக்குச் செல்ல வேண்டும். எயின மகளிர் இரும்புப் பூண் கட்டிய கோலால் கரம்பு நிலத்தைக் குத்திக் கிளறிப் புல்லரிசி சேர்க்கின்றனர். நிலத்திலே குழித்த உரலில் அதனைக் குற்றி, ஆழமான கிணற்றின் உவர்நீரை முகந்து, வாய் சிதைந்த பானையில் உலை வைத்து, உப்புக்கண்டத்தோடு விருந்தினர்க்கு இடுகின்றனர். வேறோரிடத்தில் நாய் பிடித்துத் தந்த உடும்பின் பொரியல் வருகிறது. ஒரு பிடி அரிசிக்கு எத்தனை கைவேலை! இதனைப் படித்த பிறகு, காட்டில் கிடைப்பது உழைப்பின்றிக் கிடைப்பது என்று எவரும் சொல்லார்.

இனி மலாயாவுக்கு வருவோம். 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளிலிருந்து எழுந்த தோட்டங்களுக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்மவர் கூட்டங்கூட்டமாக வந்தனர். அரிசி கடல் கடந்து வந்தது, தோட்டத்திலே படியளக்கப்பட்டது. ஆனால் குழம்புக்கும் துவையலுக்கும் வேண்டிய பச்சிலை படியில் வருவதில்லை. அதனைத் தேடிக்கொண்டவர்கள் பெண்கள்.

அக்காலத் தோட்ட வேளாண்மையில் ஒரு கொள்கை இருந்தது. மரங்களுக்கு இடையே புல் பூண்டு ஒன்றும் இன்றி, நிலம் பெருக்கிய முற்றம் போல் இருக்க வேண்டும் என்பதே அது. இதற்காகவே களையெடுப்புக் கூட்டங்கள் நிரை நிரையாக அனுப்பப்பட்டன. கூலி குறைந்த அவ்வேலை பெரும்பாலும் பெண்களுக்கே. வெற்று நிலத்தை மழை அரித்து மேல்மண் ஆற்றோடு போவதைக் கண்ட பிறகே, துரைமார் மூடுபயிர் விதைக்கலாயினர். ஆக, தோட்டக் கணக்கில் ‘களை’ என்று எழுதப்பட்டு, அழிப்பதற்குக் கூலி கொடுக்கப்பட்ட அதே செடிகளிற் பல, மாலையில் அதே பெண்களின் சீலை மடியில் லயத்துக்கு வந்து சேர்ந்தன. முள்ளுக்கீரை, குப்பைக்கீரை, பருப்புக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, புளியாரை, வல்லாரை: இவற்றை ஊரிலே அறிந்து வந்தவர்கள் அவர்கள். புது மண்ணில் பழைய முகங்களைக் கண்டதும் அவர்களுக்கு ஏற்பட்ட ஆறுதலை எந்தக் கங்காணியும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை.

ஓடைக் கரையில் படர்ந்த கங்கோங்கும் அவர்களுக்குப் புதிதன்று. அதுதான் வள்ளைக்கீரை. பெண்களின் காதுக்கு வள்ளையை உவமை கூறும் செய்யுளை விளக்கும்போது, அந்த வள்ளை சந்தையிலே கட்டுக்கட்டாகக் கிடக்கும் கங்கோங்கே என்று சொல்லும் ஆசிரியர் நம்மில் எத்தனை பேர்?

புதிதாகக் கற்றவையும் பல. நீரோரத்துப் பெரணியின் சுருண்ட குருத்தை மலாய்க்காரர் ‘பாக்கு’ என்பர்; நம்மவர் அதனைப் பருப்போடும் தேங்காயோடும் சேர்த்துக்கொண்டனர். மூங்கிற் குருத்து, பெத்தாய், ஜெரிங் ஆகியவையும் அவ்வாறே கம்பத்திலிருந்து லயத்துக்கு வந்தன. வெட்டி வீழ்த்திய ரப்பர்க் கட்டையில் விசிறி போல் முளைக்கும் சிறு காளானை வடபகுதி மலாய்க்காரர் ‘சீப்புக் காளான்’ என்னும் பொருள்படும் பெயரால் அழைப்பர். பழைய மரம் வெட்டி மறுநடவு செய்த காலங்களில் தோட்டங்களில் அதற்குக் குறைவிருக்கவில்லை. கறையான் புற்றருகே மழைக்குப் பின் எழும் புற்றுக்காளான் ஊரிலும் உண்டு, இங்கும் உண்டு. அதன் சுவை ஆட்டிறைச்சிக்குக் குறைந்ததன்று என்பது பழையவர் தீர்ப்பு. அதனை நானும் மறுக்கமாட்டேன்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். மலாயாக் காட்டில் பசியாற்றும் உணவிற் பெரும்பகுதி, கைப்பக்குவம் தெரியாதவனுக்கு நஞ்சு. காடோங் என்னும் முட்கொடிக் கிழங்கை அப்படியே வேக வைத்து உண்டால் மயக்கமும் வலிப்பும் வரும், உயிரும் போகும். அதனைத் தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக அரிந்து, உப்பிட்டு, கூடையிலே போட்டு ஓடுநீரில் பல நாள் ஊற வைத்துக் கழுவ வேண்டும். ஓராங் அஸ்லி மக்களும் மலாய்க்காரரும் தலைமுறை தலைமுறையாக இதனைச் செய்துவந்தனர். கெப்பாயாங் விதையிலும் பெராக் கொட்டையிலும் மூங்கிற் குருத்திலும் ஒருவகை நஞ்சு உண்டு. வேக வைத்தும், ஊற வைத்தும், புளிக்க வைத்துமே அதனைப் போக்குவர். ஜெரிங்கை மிகுதியாக உண்டால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். ஐ. எச். பர்க்கில் 1935இல் வெளியிட்ட இரு பெருந்தொகுதிகளாகிய மலாயாப் பயன்பொருள் அகராதியைப் புரட்டினால், இத்தகைய பக்குவங்கள் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். ஓர் இலைக்கோ கிழங்கிற்கோ பின்னால், முதலிற் கண்டறிந்தவரும் கண்டறிய முயன்று மாண்டவரும் இருந்திருப்பர் அன்றோ!

பகாங்கில் ‘ஆசாம் ரோங்’ என்றொரு பண்டம் உண்டு. ரப்பர் விதையைப் புளிக்க வைத்துச் செய்வது, குழம்புக்குச் சேர்ப்பர். பெராக் கொட்டையிலிருந்தும் அதனைச் செய்வர். ரப்பர் மரம் இந்நாட்டுக்கு வந்து நூற்றைம்பது ஆண்டுகளே ஆகின்றன. பெராக் மரமோ இக்காட்டுக்கே உரியது. இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள், இரண்டின் விதையிலும் அதே வகை நஞ்சு. பெராக்கை அடக்கத் தெரிந்தவர்கள் அக்கலையைப் பிரேசிலிலிருந்து வந்த விருந்தாளியின் மேலும் செலுத்திப் பார்த்தார்கள் என்றே நான் கருதுகிறேன். வாழ்நாளெல்லாம் அம்மரத்திற் பால் வெட்டிய நம்மவர் அதன் விதையைப் பிள்ளைகள் விளையாடுவதற்கன்றி வேறெதற்கும் கொண்டதாக நான் கேட்டதில்லை. எல்லாக் கலையையும் எல்லாரும் கற்றுவிடுவதில்லை.

வேட்டை ஆண்களின் துறை. ஓய்வு நாட்களில் நாய்களோடும் வேல்கம்புகளோடும் காட்டுப்பன்றியைத் தேடிச் சென்றனர். பன்றி இளங்கன்றுகளைக் கிளறி அழிப்பதால் தோட்டத்து அதிகாரிகள் அதனைத் தடுக்கவில்லை. பன்றி உண்ணாத கம்பத்தாரும் தம் கிழங்குத் தோட்டத்துப் பகை ஒழிந்தது என்று மகிழ்ந்தனர். இறைச்சியைக் கூறு போடுவதில் ஒரு நீதி இருந்தது. முதலிற் குத்தியவருக்கும் நாய் வைத்திருந்தவருக்கும் தனிக் கூறு. மற்றவை உடன் சென்றோருக்குச் சமமாக. வர இயலாத நோயாளி வீட்டுக்கும் ஒரு பொட்டலம் போகும். உடும்பும் அழுங்கும் அகப்பட்டால் விடப்படுவதில்லை. மழை பெய்து கால்வாய் நிரம்பினால் விராலும் கெளுத்தியும் பனையேறிக் கெண்டையும் கிடைக்கும். பிள்ளை பெற்றவளுக்கும் புண்பட்டவனுக்கும் விரால் நல்லது என்பதில் தமிழர், மலாய்க்காரர், சீனர் மூவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. நம் நாட்டில் அத்தகைய ஒற்றுமை எளிதிற் காணக் கிடைப்பதன்று!

இதுவரை கூறியவை விருப்பத்தால் தேடிய உணவு. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்த பிறகு நிலைமை மாறியது. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் தருவித்து வந்த நாடு. கப்பல் நின்றது, அரிசிப் பங்கீடு சுருங்கியது. ரப்பருக்கு விலை இல்லை, தோட்டத்தில் வேலை இல்லை. 1942லும் 1943லும் சயாம் இரயில்பாதைக்குப் பல்லாயிரவர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் திரும்பவில்லை. எஞ்சியிருந்த பெண்களும் முதியோரும் பிள்ளைகளும் மரவள்ளியை நட்டு அதனைக் கொண்டே வயிற்றைக் கழுவினர். மரவள்ளியில் மாச்சத்தன்றி வேறு சத்து அரிது. கால் வீங்கும் பெரிபெரி நோயும் சொறிபுண்ணும் லயந்தோறும் பரவின. அந்த மூன்றரை ஆண்டுகளில் முள்ளுக்கீரையும் மரவள்ளித் தழையும் சுவைக்கான பண்டமாக இருக்கவில்லை. உயிருக்கான பண்டமாக இருந்தன.

என் பாட்டி அக்காலத்தில் இரு கைக்குழந்தைகளோடு தனித்து இருந்தவர். ஓடைக்கு அப்பாலிருந்த கம்பத்து மலாய் மாது ஒருவரே காடோங் கிழங்கைப் பக்குவம் செய்யும் முறையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒருவர் மொழி மற்றவர்க்குச் சரியாகத் தெரியாது. அரிவதும் கழுவுவதும் கையினாலேயே காட்டப்பட்டன. எத்தனை நாள் ஊற வேண்டும் என்பதற்கு விரல்களை மடக்கிக் காட்டினாராம். முதல் முறை வெந்த துண்டுகளைப் பாட்டி கோழிக்குப் போட்டு, மறுநாள் வரை கோழியைப் பார்த்துக்கொண்டிருந்து, பிறகே பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அக்கம்பக்கத்தில் பொறுக்காமல் ஒருநாள் முன்னதாகவே எடுத்துத் தின்றவர்கள் உண்டு என்று மட்டும் சொல்வார். அவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் கேட்டதற்கு அவர் ஒருநாளும் விடை கூறவில்லை.

போர் முடிந்த பின் அவர் மரவள்ளியைத் தொட்டதே இல்லை. கீரையை மட்டும் விடவில்லை. ஆனால் கிராணியார் வீட்டு அம்மையார் வருவதாகத் தெரிந்தால், அடுப்பிலிருக்கும் கீரைச் சட்டியை மூடி ஒதுக்கிவிட்டு, டின் மீனைத் திறந்து வைப்பார். சிறுபாணாற்றுப்படையின் அந்த அடிகளைப் பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளில் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தச் சட்டி மூடிதான்.

1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ 5 இலட்சம் பேர் புதுக்கிராமங்களுக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்றாகத் திரட்டப்பட்டு முள்கம்பி வேலிக்குள் அடைபட்டன. காட்டிலிருந்த கெரில்லாப் படையினருக்கு உணவு போய்விடாமல் தடுப்பதே நோக்கம். வெளி வாசலில் சோதனை; வேலைக்குச் செல்பவன் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகவும் பல இடங்களில் தடை. ஊரடங்கு நேரத்துக்குப் பிறகு காட்டோரத்தில் காணப்பட்டவன் சுடப்படலாம். இந்நிலையில் குருத்துப் பறிக்கவும் காளான் எடுக்கவும் யார் போவார்? 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் நெடிய காலம். தாயின் பின்னே சென்று இது ஆகும், இது ஆகாது என்று கற்க வேண்டிய வயதுப் பிள்ளைகள் அப்பருவத்தை வேலிக்குள்ளே கழித்துவிட்டனர். காட்டுணவைப் பற்றிய அறிவு நம்மிடையே குறைந்ததற்குப் பட்டணத்து வாழ்வையும் நாகரிக மோகத்தையும் காரணமாகச் சொல்வது வழக்கம். அவற்றினும் முன்னதாக அந்த வேலியை வைத்து எண்ண வேண்டும் என்பேன்.

மற்றொரு காரணம் மருந்து. களையைக் கையால் எடுப்பது போய்த் தெளிப்பு முறை வந்தது. முற்காலத்தில் சோடியம் ஆர்சனைட் என்னும் பாடாணத்தைத் தெளித்தனர். அதனை மேய்ந்த மாடுகள் மாண்டன. 1960களுக்குப் பின் பாராகுவாட் பரவியது. அரசாங்கம் 2002இல் அதற்குத் தடை அறிவித்து, 2006இல் தளர்த்தி, 2020 ஜனவரி முதல் முற்றாகத் தடுத்தது. இன்று வேறு மருந்துகள் தெளிக்கப்படுகின்றன. ரப்பர் இருந்த இடங்களிற் பெரும்பாலும் செம்பனை வந்துவிட்டது. முன்பு களையெடுத்த பெண்ணே பிறகு முதுகில் தோம்பைச் சுமந்து மருந்தடிக்கும் வேலைக்குப் போனாள். பழைய முறையில் களை மடிக்கு வந்தது. புதிய முறையில் அது நின்ற இடத்திலேயே கருகியது.

வேட்டைக்கும் இன்று சட்டம் உண்டு. 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி அழுங்கு முழுக் காப்புப் பெற்ற விலங்கு. காட்டுப்பன்றியை உரிமம் பெற்றே வேட்டையாடலாம். அழுங்கை நாம் இனித் தேடாதிருப்பதே முறை. முன்னோர் உண்டனர் என்பதற்காக அருகிவரும் உயிரை நாமும் உண்ண வேண்டுவதில்லை. கீரையின் செய்தி வேறு. அது அருகவில்லை, அதனை அறிந்தவர்களே அருகிவிட்டனர்.

சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, உண்ணத்தக்க காட்டுச் செடி ஒன்றைப் பெயரோடு கொண்டு வருமாறு சொல்லியிருந்தேன். பலர் வல்லாரை கொண்டுவந்தனர். கடையில் வாங்கியதும் அதில் உண்டு. ஒரு பையன் மட்டும் ஒரு கை நிறைய முள்ளுக்கீரை கொண்டுவந்தான். பாட்டி சொன்ன பெயர், முள்ளை ஒதுக்கிக் கிள்ளும் விதம், பூண்டோடு கடையும் பக்குவம் எல்லாவற்றையும் தவறின்றிச் சொன்னான். எங்கே பறித்தாய் என்றேன். செம்பனை நிரைக்குள் என்றான். அந்த நிரைகளில் இரண்டு நாளுக்கு முன்புதான் மருந்தடித்திருந்தார்கள். இலை இன்னும் வாடத் தொடங்கவில்லை. அவன் பெயருக்கு நேரே முழுப் புள்ளி இட்டேன். பிறகு அவனைக் குழாயடிக்கு அழைத்துச் சென்று இருமுறை சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி, கீரையைக் குழி தோண்டிப் புதைத்தேன்.